அவசர சிகிச்சைப் பிரிவில் 'இன்று அமைதியாக இருக்கிறது' என்று சொல்லக்கூடாதாமே, ஏன்?

பிரிட்டன், அமெரிக்க அவசரப் பிரிவுகளிலும் ஆம்புலன்ஸ்களிலும் யாராவது இப்படிச் சொல்லிவிட்டால் சக ஊழியர்கள் பதறிப்போவார்கள். சொன்ன வாய் மூடுமுன் நோயாளிகள் குவிந்துவிடுவார்கள் என்பது நம்பிக்கை. பிரிட்டனில் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் துறையினர் இதை 61 நாள் சோதித்தே பார்த்தார்கள். சில நாள் வேண்டுமென்றே அதைச் சொன்னார்கள், மற்ற நாள் தவிர்த்தார்கள். சொன்னதால் வேலைப்பளு கூடவில்லை. முடிவு 2019இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது.

ஆனாலும் நம்பிக்கை போகாது. சொல்லியும் எதுவும் நடக்காத இரவுகள் மறந்துபோகும். பெரிய விபத்து வந்த இரவு மறக்காது. அடுத்த அழைப்பு எப்போது, எப்படிப்பட்டது என்பது அவர்கள் கையில் இல்லை. அந்தப் பதற்றத்தில் வேலை பார்ப்பவர்களின் பழக்கத்தை மூடத்தனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் அங்கே புதிதாகச் சேர்பவர் என்றால், தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள்.