மாட்டு வயிற்றுக்குள் ஒரு வேட்டை

அல்சூர், விவேக் நகர் பக்கத்துத் தமிழ் நண்பர்கள் கேட்டவை. பெங்களூரில் கால்நடை மருத்துவம் பார்ப்பவன் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில்.

செல்வி, விவேக் நகர்: மாட்டு வயிற்றில் வைரஸ் இருக்கிறதாமே டாக்டர், பால் குடிக்கலாமா?

காய்ச்சித் தாராளமாகக் குடியுங்கள் அம்மா. அவை பெரும்பாலும் பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்களைத் தாக்கும் 'பேஜ்' வைரஸ்கள். நம்மைச் சீண்டாது.

லூயிஸ், மர்ஃபி டவுன்: அங்கே அவற்றுக்கு என்ன வேலை சார்?

நல்ல கேள்வி. மாடு வைக்கோலைத் தானாகச் செரிப்பதில்லை. ரூமன் என்கிற பெருவயிறு 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். அதில் ஒரு மில்லி லிட்டருக்கே ஆயிரம் கோடி பாக்டீரியா. அவைதான் நாரை நொதிக்க வைக்கின்றன. பிறகு அவையே குடலுக்கு இறங்கி, செரிக்கப்பட்டு, மாட்டுக்குப் புரதமாகின்றன.

நடுவில் பேஜ் புகுந்தால்? ஒரு பாக்டீரியாவுக்குள் பெருகி அதை வெடிக்க வைக்கும். உள்ளிருந்த புரதம் ரூமனிலேயே சிந்தி அம்மோனியாவாகும். அதில் ஒரு பங்கு யூரியாவாகி மூத்திரத்தில் போய்விடும். தீவனக் காசுக்கு நஷ்டம்தான். ஆனால் பேஜை மட்டும் திட்டக் கூடாது. பாக்டீரியாவை விழுங்கும் புரோட்டோசோவா என்ற ஒரு செல் உயிரி இதைவிடப் பெரிய திருடன். மேலும் ஒரே இனம் மிதமிஞ்சிப் பெருகாமல் அடக்குவதும் பேஜ்தான்.

சில பேஜ்கள் உடனே கொல்லாது. பாக்டீரியாவின் டிஎன்ஏவிலேயே குடியேறிவிடும், அட்வான்ஸ்கூடக் கொடுக்காமல்!

முருகன், அல்சூர்: மீந்த சோற்றைத் தின்ற மாட்டுக்கு வயிறு உப்பிவிட்டது. பேஜ் மருந்து உண்டா?

சோற்று மாவைத் தின்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் பெருகி, லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். அதைக் கொல்லும் பேஜ் ரூமனிலேயே உண்டு. ஆனால் பாக்டீரியா சீக்கிரம் அதற்குத் தப்பிக்கப் பழகிவிடும். பேஜுக்குக் காத்திராமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். இனி வாசலில் சோறு கொட்டாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

கவிதா, அல்சூர்: மாடு விடும் மீத்தேன் வாயுவைப் பேஜால் குறைக்கலாமா அண்ணா?

மீத்தேன் உண்டாக்குபவை பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா என்ற வேறு வகை நுண்ணுயிர்கள். 2010இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் அப்படி ஒன்றின் மரபணுத் தொகுப்பைப் படித்தபோது, உள்ளே ஒரு பேஜ் ஒளிந்திருந்தது. அதன் நொதி ஆர்க்கியாவின் செல்சுவரையே உடைக்கிறது. எனக்கு நம்பிக்கை தருவது முழுப் பேஜைவிட இந்த நொதிதான். நம் ஆடுகோடி கால்நடை ஊட்டச்சத்து நிறுவனம் போன வழி வேறு: 'ஹரித் தாரா' என்ற தீவனச் சேர்க்கை.

அப்புறம், அந்த வாயு பின்பக்கமாகப் போவதாக நினைக்கிறீர்கள் போல. பெரும்பகுதி ஏப்பமாக வாய்வழிதான்.