மறு: மதிப்பெண் பொருந்துகிறது, அப்படியானால் பருமன்தான் காரணமா?

உடல் பருமனுக்கான மரபணு அபாய மதிப்பெண் (பல மரபணு மாறுபாடுகளின் சிறு விளைவுகளைக் கூட்டிய எண்) கூடியவர்களிடம் மனச்சோர்வும் கூடுதலாக இருக்கிறது, எனவே பருமன்தான் காரணம் என்று ஆய்வேட்டில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்கு எழுதாதீர்கள்.

மரபணு கருவிலேயே முடிவாகிவிடுவதால், நோய் வந்து அதை மாற்றாது என்ற உங்கள் வாதம் சரி. ஆனால் உங்கள் மதிப்பெண்ணில் லட்சக்கணக்கான மாறுபாடுகள் கலந்திருக்கின்றன. பருமனோடு தொடர்புடைய மரபணுக்களில் பல மூளையில் வேலை செய்பவை. அவற்றில் சில பருமன் வழியாகப் போகாமல் நேராகவே மனநிலையைத் தொடலாம்.

எச்டிஎல் கொழுப்பை ('நல்ல கொழுப்பு' என்பார்கள்) நினைத்துப் பாருங்கள். அது கூடியவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். ஆனால் எச்டிஎல்லை உயர்த்தும் ஒரு மரபணு மாறுபாடு மாரடைப்பைக் குறைக்கவில்லை என்று 2012இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் எல்டிஎல் ('கெட்ட கொழுப்பு') மரபணு மதிப்பெண் மாரடைப்போடு தெளிவாகச் சேர்ந்து வந்தது. தொடர்பு இருந்தாலே காரணம் ஆகிவிடாது: எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பாடம் இது.

அதனால் வலுவான தொடர்புள்ள மாறுபாடுகளை மட்டும் (பி மதிப்பு, அதாவது தொடர்பே இல்லாதபோதும் இவ்வளவு வலுவாகத் தோன்றும் வாய்ப்பு, 5×10⁻⁸க்குக் கீழே) எடுத்து மெண்டலிய சமவாய்ப்பு முறையில் (மரபணு மாறுபாடுகளை இயற்கையே நடத்திய சோதனை போலக் கொண்டு காரணத்தைத் தேடும் முறை) பாருங்கள். எக்கர், எடையிட்ட இடைநிலை (சில மாறுபாடுகள் நேராகவே மனநிலையைத் தொட்டாலும் தாங்கக்கூடிய கணிப்பு முறைகள்) இரண்டும் ஒரே பக்கம் காட்டுகின்றனவா? அப்புறம் திசையைத் திருப்பி, மனச்சோர்விலிருந்து பருமனுக்கும் ஓட்டுங்கள்.

முதலில் ஒன்றைச் சரிபாருங்கள்: மதிப்பெண்ணில் ஒவ்வொரு மாறுபாட்டுக்கும் தரும் எடைகள் யுகே பயோபேங்க் (பிரிட்டனின் பெரிய மரபணு, உடல்நலத் தரவுத்தொகுப்பு) தரவிலிருந்து வந்து, நீங்கள் சோதிப்பதும் அதே ஆட்களை என்றால், இந்தத் தொடர்பே ஊதிப்பெருத்ததாக இருக்கலாம்.