கொழும்பு–சிங்கப்பூர்: பறக்கும் நேரம் ஒன்று, வீடு போகும் நேரம் வேறு

தம்பி, அடுத்த மாதம் சிங்கப்பூருக்கு வேலைக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். டிக்கெட்டில் வருவதற்கு ஆறரை மணி நேரம், திரும்பிப் போக ஒன்றரை மணி நேரம்போலத் தெரிகிறதே, எது சரி என்பது உங்கள் முதல் கேள்வி. யாழ்ப்பாணத்தில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு ஏதும் என்றால் எவ்வளவு நேரத்தில் போய் நிற்கலாம் என்பது இரண்டாவது.

முதலாவது லேசு. எந்தப் பக்கம் பறந்தாலும் ஏறத்தாழ 4 மணி நேரம்தான். தூரம் 2,700 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் மணி. சிங்கப்பூர் மணி இலங்கை மணியைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அங்கே இரவு 1 மணிக்கு வெளிக்கிட்டால் இங்கே காலை 7.30. இங்கே இரவு 10 மணிக்கு ஏறினால் அங்கே 11.30. உண்மையில் சூரியன் இரண்டு ஊரிலும் உதிப்பதில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடத்தான் வித்தியாசம். மிச்சம் கடிகாரத்தின் வேலை. 1982இல் சிங்கப்பூர் தன் மணியை இன்னும் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது. அதனால்தான் இங்கே காலை ஏழு மணியளவில்தான் விடிகிறது. ஆரம்பத்தில் வேலைக்கு எழும்ப எரிச்சலாக இருக்கும், பழகிவிடும்.

இரண்டாவது கேள்விக்கு அந்த 4 மணி நேரத்தை நம்பாதீர்கள். இங்கே சாங்கி விமான நிலையத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே போக வேண்டும். அங்கே இறங்கும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் குடிவரவு, பெட்டி எல்லாம் முடிய ஒரு மணி நேரமாவது ஆகும். அப்புறம் யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி: பஸ்ஸில் எட்டு மணி நேரத்துக்குக் குறைத்துக் கணக்குப் போடாதீர்கள். விமானத்தில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு நேரம் தரையில் போகிறது! எல்லாம் சேர்த்தால் டிக்கெட் கிடைத்ததிலிருந்து ஒரு முழு நாள் என்று வையுங்கள்.

நேரத்தை மிச்சம் பிடிக்க ஒரு வழி உண்டு. கட்டுநாயக்கா கொழும்புக்கு வடக்கே, நீர்கொழும்புப் பக்கம் இருக்கிறது. கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து புத்தளம் வழியாக யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ்கள் அந்தப் பக்கமாகத்தான் வரும். முன்கூட்டியே இருக்கை பதிந்து, எங்கே ஏறுவது என்று பேசிவைத்தால் கொழும்புக்குள் போய்த் திரும்பும் அலைச்சல் இல்லை. நள்ளிரவில் இறங்கும் விமானம் என்றால் அந்த பஸ்கள் போயிருக்கும். அவசரத்தில் வாடகை வான்தான், செலவு பலமாக இருக்கும்.

யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குச் சென்னையிலிருந்து விமானம் இருக்கிறது, சிங்கப்பூரிலிருந்து நேரே இல்லை. சென்னை வழியாகத் தனித்தனி டிக்கெட் எடுத்தால் அங்கே வெளியே வந்து திரும்ப ஏற வேண்டிவரும், அதற்கு இந்திய விசா வேண்டும். அவசரத்தில் அந்தப் பாதையை நினைக்காதீர்கள். விடுமுறைக்கு ஆறுதலாகப் போகும்போது பார்க்கலாம்.