விருந்துக்குப் போன வீட்டில் கிரைண்டர் உடைந்தது: புதிது வாங்கித் தர வேண்டுமா?

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் வசிக்கிறோம். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் போவதற்காக, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில் நாலு நாள் தங்கினோம். அவர் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார். மூன்றாம் நாள் விடியற்காலை அவருக்கு உடம்பு முடியவில்லை என்று நான் அரைத்துக் கொடுத்தேன். மாவை வழிக்க டில்டிங் கிரைண்டரின் டிரம்மைச் சாய்த்தபோது லாக் நழுவி, டிரம் தடாலென்று கவிழ்ந்தது. குழவி கீழே விழுந்து இரண்டாக உடைந்தது. தரையில் ஒரு டைல்ஸும் விரிந்துவிட்டது. கிரைண்டர் வாங்கி ஆறு வருடம் இருக்கும். இப்போது புதிதாக வாங்கித் தர 16,000 ரூபாயும், வியாபாரம் நின்ற பன்னிரண்டு நாளுக்கு 6,000 ரூபாயும் கேட்கிறார்கள். கொடுத்தால்தான் ஆச்சு என்று என் ஸ்கூட்டியின் சாவியை நாத்தனார் கணவர் வாங்கி வைத்துக்கொண்டார். 22,000 ரூபாய் ஒரு மாதத்தில் தருவதாக இருபது ரூபாய் பத்திரத்தில் என் கணவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகும் வண்டியைத் தரவில்லை. போலீசுக்குப் போவோம் என்றும் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: சகோதரி, கிரைண்டருக்கு முன்னால் ஸ்கூட்டியைப் பற்றிப் பேசிவிடலாம். உங்கள் வழக்கில் சட்டம் தெளிவாக ஒரு பக்கம் நிற்பது அங்கேதான்.

வரவேண்டிய பாக்கிக்காகப் பொருளைப் பிடித்து வைக்கும் உரிமை எல்லோருக்கும் கிடையாது. உங்கள் வண்டியை ரிப்பேர் செய்த மெக்கானிக் தன் கூலி வரும்வரை அதை நிறுத்தி வைக்கலாம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 170ஆவது பிரிவில் அதை அனுமதிக்கிறது. விருந்தாளியின் வண்டியைப் பிடித்து வைக்க அந்தச் சட்டத்தில் வழியில்லை. அதோடு, ஒருவரை ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்க வைக்கும் நோக்கத்தில் அவருக்குப் பாதகமாக ஒரு பொருளைச் சட்டவிரோதமாகத் தடுத்து வைப்பதை அதே சட்டத்தின் 15ஆவது பிரிவு ‘வற்புறுத்தல்’ என்கிறது. தடுத்து வைத்த வண்டி உங்களுடையது, கையெழுத்துப் போட்டவர் உங்கள் கணவர் என்பதால் ஒன்றும் மாறாது. யாருடைய பொருளாக இருந்தாலும் அந்தப் பிரிவு பொருந்தும்.

அப்படி வாங்கிய சம்மதத்தை, 19ஆவது பிரிவின்படி, கையெழுத்துப் போட்டவர் ரத்து செய்யலாம். ஆனால் அது தானாக ரத்தாகாது, அவர்தான் சொல்ல வேண்டும். எனவே உங்கள் கணவர் இந்த வாரமே ஒரு கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்பட்டும்: சாவியை வைத்துக்கொண்டு வாங்கிய கையெழுத்து, அந்தப் பத்திரத்துக்கு நான் கட்டுப்படவில்லை, வண்டியை இத்தனை நாளுக்குள் தர வேண்டும். நாலு வரி போதும். அக்காவுக்கு நோட்டீஸா என்று அவர் தயங்கலாம், ஆனாலும் அனுப்பியாக வேண்டும். இதற்கிடையில் அந்தப் பத்திரத்தின் கணக்கில் ஆயிரம் ரூபாய்கூட ஜிபேயில் போட்டுவிடாதீர்கள். போட்டால் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டதாகப் பேச அவர்களுக்கு இடம் கிடைக்கும். உங்கள் கை தவறியதற்கு உங்கள் கணவர் சட்டப்படி பொறுப்பே இல்லை. அவரை உள்ளே இழுப்பது அந்தக் காகிதம் ஒன்றுதான்.

போலீஸ் மிரட்டலுக்குப் பயப்படாதீர்கள். அடுத்தவர் பொருளைச் சேதப்படுத்துவது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆவது பிரிவில் குற்றம்தான். ஆனால் நஷ்டம் உண்டாக்கும் எண்ணமோ, நஷ்டம் வரும் என்ற அறிவோ இருந்தால் மட்டுமே அது குற்றம். உடம்பு முடியாத நாத்தனாருக்காக விடியற்காலையில் மாவு அரைத்தவருக்கு அந்த எண்ணம் இருந்தது என்று எந்த ஸ்டேஷனிலும் சொல்ல முடியாது. கூப்பிட்டால் போய், இது சிவில் விவகாரம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அங்கே எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

இனி கிரைண்டர். தெரியாமல் உடைத்தாலும் உடைத்தவர்தான் வாங்கித் தர வேண்டும் என்பது குடும்பங்களில் வழங்கும் நியாயம். கோர்ட்டில் கேள்வி வேறு: நீங்கள் கவனக்குறைவாக நடந்தீர்களா? சாதாரண புத்தியுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளிடம் காட்டும் கவனத்தை நீங்கள் காட்டியிருந்தால், உடைந்தது விபத்து. விபத்துக்கு நஷ்ட ஈடு கிடையாது.

நீங்கள் கடிதத்தோடு எழுதி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இங்கேதான் உதவுகிறது. நாத்தனார் அதில் சொல்வது: “ஏம்மா, அந்த லாக்கு ஒழுங்கா புடிக்காதுன்னு இந்த வீட்ல எல்லாருக்கும் தெரியும். கட்டையை முட்டுக் குடுத்துத்தான் நாங்க சாய்ப்போம். நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?” கோபத்தில் பேசியதுதான். ஆனால் பழுது இருந்ததும், அது தனக்குத் தெரிந்திருந்ததும், உங்களிடம் சொல்லாததும் அவர் வாயாலேயே வந்துவிட்டது. அந்த மெசேஜை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். வழக்கு என்று வந்தால் மின்னணுப் பதிவுக்கு உரிய சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

இரவலாகப் பொருள் கொடுப்பவர், தனக்குத் தெரிந்த பழுதைச் சொல்லியே தீர வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 150ஆவது பிரிவு. சொல்லாமல் விட்டு, அதனால் வாங்கியவருக்கு நஷ்டம் வந்தால் கொடுத்தவர்தான் பொறுப்பு. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் வீட்டு அடுப்படியில், அவருக்காக, அவருடைய கிரைண்டரை ஓட்டியதை இரவல் வாங்கியதாகச் சொல்வது கஷ்டம். பொருள் உங்கள் வசம் வரவே இல்லை. லாஸ்பேட்டைக்குத் தூக்கி வந்திருந்தால் கதை வேறு. அப்போது கவனமாகத்தான் வைத்திருந்தேன் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழுந்திருக்கும். இப்போது உங்கள் கவனக்குறைவை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஆனாலும் 150ஆவது பிரிவில் உள்ள நியாயம் இங்கேயும் எடுபடும். எப்போதும் முட்டுக்கட்டை வைத்துச் சாய்ப்பவருக்குத் தெரிந்த ஆபத்து, முதல் தடவை கை வைத்தவருக்கு எப்படித் தெரியும்?

எதிர்ப்பக்கம் கேட்கக்கூடிய கேள்வியையும் நான் கேட்டாக வேண்டும். குழவியை எடுத்துவிட்டுச் சாய்த்தீர்களா, அதோடு சேர்த்தே சாய்த்தீர்களா? இது மாடலுக்கு மாடல் மாறும். எடுத்துவிட்டுச் சாய்க்க வேண்டிய மாடலில் எடுக்காமல் சாய்த்திருந்தால், தவறில் உங்களுக்கும் பங்கு உண்டு. பிளக்கைப் பிடுங்கினீர்களா, ஒற்றைக் கையால் சாய்த்தீர்களா என்றும் கேட்பார்கள். இதற்கெல்லாம் உண்மையான பதிலை இப்போதே உங்களுக்காக ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

தொகைக்கு வருவோம். முழுத் தவறும் உங்களுடையதே என்று வைத்துக்கொண்டாலும் 16,000 கிடையாது. பொருள் உடைவதற்கு முந்தின நிமிடத்தில் என்ன நிலையில் இருந்ததோ அந்த நிலைக்குக் கொண்டுவரத் தேவையான தொகைதான் நஷ்ட ஈடு. ரிப்பேர் செய்ய முடிந்தால் ரிப்பேர் செலவு. முடியாவிட்டால் ஆறு வருடம் ஓடிய கிரைண்டரின் அன்றைய விலை. பழசுக்குப் பதில் புதுசு வாங்கித் தந்தால் அவர்களுக்கு நஷ்டம் தீர்வதோடு லாபமும் சேரும். குழவியும் லாக்கும் தனியாகக் கிடைக்கிற சாமான்கள்தான். சர்வீஸ் ஆள் ஒருவரை அந்த வீட்டுக்கே அனுப்பி, குழவிக்கு எவ்வளவு, லாக்குக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். லாக் ஏற்கெனவே கெட்டுப்போனது, அந்தச் செலவு அவர்களுடையது. டைல்ஸ் ஒன்றுதான் விரிந்தது என்றால் ஒன்றுக்குத்தான் காசு. மற்றவற்றோடு கலர் ஒத்துப்போகவில்லை என்று தரை முழுக்கக் கேட்டால் தலையாட்டாதீர்கள்.

வியாபார நஷ்டம் 6,000 என்பது இன்னும் பலவீனம். ஒரு நாளைக்கு 500 ரூபாய் என்பது விற்பனையா லாபமா? அரிசி, உளுந்து, கரண்ட் போக மிஞ்சுவதுதான் கணக்கில் வரும். அதோடு, நஷ்டம் அடைந்தவர் அதைக் குறைக்கத் தன்னால் ஆனதைச் செய்திருக்க வேண்டும். குழவி மாற்றப் பன்னிரண்டு நாள் ஆகாது. நடுவில் வாடகைக்கு ஒரு கிரைண்டர் எடுத்திருக்கலாம். ஓரிரண்டு நாள் லாபத்துக்கு மேல் எந்த நீதிபதியும் தருவார் என்று நான் நினைக்கவில்லை.

வழக்குப் போட அவர்களுக்கு மூன்று வருடம் காலம் இருக்கிறது. உடைந்தது கடலூரில், நீங்கள் இருப்பது புதுச்சேரியில். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி, இரண்டில் எந்த ஊர் கோர்ட்டில் போடுவது என்பது அவர்கள் விருப்பம். வேறு மாநிலம் ஆயிற்றே என்று நீங்கள் அசட்டையாக இருக்க முடியாது. ஆனால் இந்தத் தொகைக்கு மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு நாலு தடவை நடந்தாலே கிரைண்டர் விலை கரைந்துவிடும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

எனவே பேசி முடியுங்கள். உங்கள் இடத்தில் இருந்தால் குழவி, டைல்ஸ் இரண்டின் செலவில் பாதியை நானாக முன்வந்து கொடுப்பேன். பாதி என்பது எந்தப் பிரிவிலும் எழுதிய கணக்கல்ல. லாக் பற்றிச் சொல்லாத குற்றம் அவர்களுடையது, பழக்கமில்லாத மெஷினில் கேட்காமல் கை வைத்தது உங்களுடையது என்று நான் போடும் மதிப்பீடு. நாத்தனார் உறவு நிலைக்க வேண்டும் என்று முழுச் செலவையும் கொடுக்க நினைத்தால் கொடுங்கள். அது உங்கள் இஷ்டம், சட்டம் கேட்பதல்ல.

வீட்டுப் பெரியவர்கள் பேசியும் படியவில்லை என்றால், கடலூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். வழக்குப் போடுவதற்கு முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டு மக்கள் நீதிமன்றத்தில் முடித்து வைப்பார்கள். கட்டணம் இல்லை. அங்கே சம்மதித்து எழுதுவது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. அதனால் தொகையை நன்றாக யோசித்துவிட்டுச் சம்மதியுங்கள். வழி கேட்க 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

எங்கே முடித்தாலும் சாவியும் அந்த இருபது ரூபாய் பத்திரமும் உங்கள் கைக்கு வந்த பிறகு பணத்தைக் கொடுங்கள். ஜிபேயில் அனுப்பும்போது ‘கிரைண்டர், டைல்ஸ் பழுது, முழுத் தீர்வு’ என்று குறிப்பும் போட்டுவிடுங்கள்.