நாகர்கோவில் பக்கம் மாடிப் பசுமைக் குடிலில் ஹைட்ரோபோனிக்ஸ் (மண்ணில்லா) முறையில் தக்காளி போட, கோகோபீட்டில் (தேங்காய் நார்த் தூளில்) விதைத்தேன், பத்து நாளாகியும் முளைக்கவில்லை. விதைத் தட்டுக்கு அடியில் விரித்துச் சூடேற்றுகிற ஹீட் மேட் வாங்க வேண்டுமா?

வாங்காதீர்கள். அந்தக் காசுக்கு தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற ஒரு டிடிஎஸ் மீட்டரும் புது விதை ஒரு பாக்கெட்டும் வாங்கினால் பிரயோஜனம்.

வெளிநாட்டுக்காரர் யாராவது ஹீட் மேட் மேல் தட்டை வைத்து, பிளாஸ்டிக் மூடி போட்டு விதை முளைக்க வைக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவர் விதைக்கிற மாதம் அவர் ஊரில் குளிர். தக்காளி விதைக்கு 25 முதல் 30 டிகிரி கிடைத்தால் 6 நாளில் தலை நீட்டும். 15 டிகிரியில் 2 வாரம் ஆகும், 10 டிகிரியில் ஒன்றரை மாதம் இழுக்கும். அதனால் அவருக்குச் சூடு தேவை. நமக்கு மார்கழி ராத்திரியில்கூட 20க்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆனால் சூடு கூடினாலும் விதைக்கு ஆகாது. 35 டிகிரியில் 9 நாளாகும், 40ல் முளைக்கவே முளைக்காது. மார்ச் மாத மத்தியானம் உங்கள் குடிலுக்குள் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டுப் பாருங்கள், புரியும். நம் ஊரில் முளைக்க வைக்கிற இடம் குடில் இல்லை, வீட்டுக்குள் நிழலான ஒரு மூலை.

அப்படியானால் ஏன் முளைக்கவில்லை? விதையைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் கோகோபீட்டைச் சந்தேகப்படுங்கள். இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது.

நான் திங்கள்சந்தை பக்கம். வீட்டுக்குப் பின்னால் விளையில் சின்னக் குடில், பக்கெட்டுகளில் தக்காளி. முதல் வருஷம் தட்டில் நாலில் ஒன்றுகூடத் தேறவில்லை. வந்த ஒன்றிரண்டும் வித்திலை (முதலில் விரிகிற இரட்டை இலை) ஓரம் கருகி அப்படியே நின்றன. கோகோபீட் கட்டி வாங்கின கடையில் கேட்டால் "விதை பழசா இருக்கும்" என்றார்கள். விதை வாங்கின இடத்தில் "உங்களுக்குத் தண்ணி ஊத்தத் தெரியல" என்றார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "மக்களே, நம்ம ஊருல தக்காளி வராது. அது ஆரல்வாய்மொழி தாண்டி லாரியிலதான் வரும்" என்றார். அவர் பிரியமாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அதுதான் சுட்டது.

அதே பாக்கெட்டில் மீதியிருந்த விதையை எடுத்து, ஈர டிஷ்யூவில் பரத்தி, ஒரு டப்பாவில் மூடி அடுக்களை அலமாரியில் வைத்தேன். நாலாம் நாள் திறந்தால், விதையின் ஒரு ஓரம் வெடித்து வெள்ளை வேர் எட்டிப் பார்க்கிறது, அதில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக்குப் பொடி ரோமம். ஏறக்குறைய எல்லா விதையும் அப்படித்தான். விதையில் பழுதே இல்லை. அப்புறம் கட்டியிலிருந்து ஒரு கப் கோகோபீட் எடுத்து, ஒன்றரை கப் ஆர்ஓ தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டின தண்ணீரில் ஈசி மீட்டரை வைத்தேன் (ஈசி என்பது மின்கடத்துதிறன், உப்பு கூடினால் அதுவும் கூடும்). 3 mS/cm-ஐத் தாண்டிப் போனது. விதை முளைக்க 0.5க்குக் கீழே இருக்க வேண்டும், டிடிஎஸ் மீட்டரில் சுமார் 250 பிபிஎம். விதை தண்ணீரை உறிஞ்சித்தான் முளைக்க வேண்டும். சுற்றிலும் உப்பு இருந்தால் எவ்வளவு ஈரம் இருந்தும் அதற்குத் தண்ணீர் கிடைக்காது.

தும்புத் தொழில் நடக்கிற மண் நம்முடையது. ஈத்தாமொழி நெட்டைத் தேங்காய்க்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. கதம்பையில் (தேங்காய் மட்டையில்) இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் உண்டு. அதை உவர்த்தண்ணீரில் ஊறப்போட்டு அடித்தால் தூளில் இன்னும் உப்பு ஏறும். "கழுவியது" என்று உறையில் அச்சடித்திருந்தாலும் அளக்காமல் நம்பக் கூடாது. மீட்டரோடு அந்தக் கோகோபீட் கடைக்கே போய்க் காட்டினேன். "எல்லாரும் இதத்தானே வாங்கிட்டுப் போறாங்க" என்றார்கள், அவ்வளவுதான். எத்தனை பேர் தங்கள் கைராசி சரியில்லை என்று நினைத்துக் குடிலையே மடக்கி வைத்திருப்பார்கள்!

கழுவுவது சிரமமில்லை. நமக்கு இரண்டு மழைக்காலம் இருக்கிறது, மொட்டைமாடி மழைத்தண்ணீரைப் பிடித்து வையுங்கள். கடலோரப் போர்வெல் தண்ணீரில் கழுவினால் உப்பை உப்பால் கழுவுகிற கதைதான். சாக்கில் கட்டி ஊறவைத்து, கறுத்த தண்ணீர் வெளிறும்வரை மாற்றுங்கள். தூளோடு ஒட்டிப் பிடித்திருக்கிற சோடியம் வெறும் தண்ணீருக்கு வராது, அதைக் கால்சியம்தான் தள்ளிவிடும். அதனால் லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் கால்சியம் நைட்ரேட் கலந்து ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுபடி ஒரு கழுவு கழுவுவேன். கடைசியில் மீட்டர் வைத்துப் பார்க்காமல் விதைப்பதில்லை.

அடுத்தது ஈரம். இங்கே காற்றே ஈரம், மேலே மூடி வேறு போட்டால் நாற்றழுகல் வந்து, தண்டு மண்மட்டத்தில் நூலாக இளைத்து, காலையில் தட்டோடு சாய்ந்து கிடக்கும். கோகோபீட் புட்டு மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். பிடித்தால் கட்டியாகணும், தட்டினால் உதிரணும், தண்ணீர் சொட்டக் கூடாது. 98 குழித் தட்டில் குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி பாலிதீன் ஷீட்டால் மூடி மூன்று நாலு நாள் விடலாம், அதற்கு வெளிச்சம் வேண்டாம். ஆனால் முதல் முளை வளைந்து மேலே வந்த அன்றைக்கே பிரித்துக் குடிலுக்குக் கொண்டுபோய்விடுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் வெளிறி நீண்டுவிடும். உரம் முதல் நிஜ இலை வரும்வரை வேண்டாம், அதன்பிறகு ஈசி 1 அளவில், பிஹெச் (புளிப்பு அளவு) 5.5 முதல் 6.5க்குள்.

வெளிச்சம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. எங்கள் ரோட்டில் ராத்திரி பகல் இல்லாமல் கல் ஏற்றிய டாரஸ் லாரிகள் ஓடுகின்றன. குடில் ஷீட்டின்மேல் படிகிற தூசியை வாரம்தோறும் கழுவுகிறேன், கழுவாவிட்டால் நாற்று வெளிச்சம் போதாமல் நெட்டையாகிறது. நம் மலையை உடைத்து எல்லை தாண்டிக் கொண்டுபோகிறார்கள். நமக்கு மிச்சம் பள்ளமான ரோடும் தூசியும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த லாரிக்கு ஒதுங்கி ஓடைக்குள் இறங்கி நிற்கிறார்கள். இதைக் கேட்க ஆளில்லையே என்று வயிறு எரிகிறது. சரி, கேள்விக்கு வருகிறேன்.

"மண்ணிலேயே போட்டால் என்ன, இதெல்லாம் ரசாயன விளையாட்டு" என்று சிலர் வருவார்கள். மண்ணில் போட்டுத்தான் தொடங்கினேன். எங்கள் பக்கம் புளிப்பு மண், செம்பாறை மண். பாக்டீரியா வாடல் வந்தால் காய்த்து நிற்கிற செடி பச்சையாகவே துவண்டுவிடும், மருந்து கிடையாது. மண்ணில்தான் வைப்பேன் என்பவர்கள் வாடலைத் தாங்குகிற அர்கா ரக்‌ஷக், கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சக்தி, முக்தி போன்ற தக்காளி ரகங்களைப் பாருங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். நான் வேளாண்மை படித்தவள் இல்லை, என் குடிலில் கண்டதைச் சொல்கிறேன். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டி விற்றபோது, மதிலுக்கு அந்தப் பக்கம் ரசத்துக்குப் போனது எங்கள் பக்கெட் தக்காளி. அந்த அண்ணனும் இப்போது என்னிடம்தான் நாற்று வாங்குகிறார்.

நீங்கள் இன்றைக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மிச்ச விதையில் கொஞ்சத்தை டிஷ்யூவில் போடுங்கள். பாக்கெட்டில் பரிசோதனைத் தேதியையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். தக்காளிக்குக் குறைந்தபட்சம் 70 சதவீத முளைப்புத்திறன் இருக்க வேண்டும், டிஷ்யூவில் அதற்கு வெகுவாகக் குறைந்தால் பாக்கெட்டோடு கடைக்குப் போய்க் கேளுங்கள். டிஷ்யூவில் முளைத்து தட்டில் முளைக்கவில்லை என்றால் கோகோபீட்டைக் கழுவுங்கள். அந்த ஈசி எண் எவ்வளவு வந்தது, எந்தத் தண்ணீரில் அளந்தீர்கள் என்று எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.