அம்மாவின் சிறுநீர் மாதிரியை ஏன் மீண்டும் கேட்கிறார்கள்?

கேள்வி: என் தாயாருக்கு வயது 68. சிறுநீர் கழிக்கும்போது எரிவு இருப்பதால், வைத்தியர் கிருமி வளர்ப்புப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். காலையில், சுடுநீரில் கழுவிய ஜாம் போத்தலில் சிறுநீரை எடுத்தோம். ஆய்வுகூடத்தில் ஒப்படைக்க மதியமாகிவிட்டது. பல கிருமிகள் கலந்து வளர்ந்திருப்பதால் புதிய மாதிரி தேவை என்று அறிக்கை வந்துள்ளது. நோய் முற்றிவிட்டதா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அந்த அறிக்கைக்கு அப்படிப் பொருள் இல்லை. சிறுநீர்த் தொற்று பெரும்பாலும் ஒரே வகைக் கிருமியால் உண்டாவதால், பல வகைகள் சேர்ந்து வளரும்போது, அவை தோலிலிருந்தோ போத்தலிலிருந்தோ வந்து கலந்தவை என்றே ஆய்வுகூடத்தார் கருதுவர்.

தாமதமும் ஒரு காரணமாக இருந்திருக்கும். சிறுநீர்த் தொற்றை அதிகம் உண்டாக்கும் ஈ. கோலை என்னும் கிருமி, ஏற்ற சூழலில் ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிக்க வல்லது. ஒரு மில்லிலீற்றரில் 100,000 கிருமிகள் இருந்தால் பொதுவாகத் தொற்று என்று கொள்ளப்படும் நிலையில், கொழும்பு வெயிலில் மதியம்வரை வெளியில் இருந்த மாதிரியின் எண்ணிக்கையை எப்படி நம்புவது?

இம்முறை ஆய்வுகூடத்திலேயே கிருமி நீக்கிய போத்தலைக் கேட்டு வாங்குங்கள். தாயார் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவியபின், பிறப்புறுப்பை வெறும் நீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவித் துடைக்க வேண்டும். கிருமிநாசினி எதுவும் வேண்டாம், அது மாதிரியில் கலந்தால் உண்மையான தொற்றையே மறைத்துவிடும். பின்னர் இதழ்களை விரல்களால் விலக்கிப் பிடித்தபடி, முதலில் வரும் சிறுநீரை வெளியே போகவிட்டு, அடுத்து வரும் நடுப்பகுதியை மட்டும் போத்தலில் ஏந்த வேண்டும். முதற்பகுதி, சிறுநீர்க்குழாயின் வாயிலுள்ள கிருமிகளைக் கழுவிக்கொண்டு வருவதாலேயே அதைத் தவிர்க்கிறோம். போத்தலின் உட்புறத்திலும் மூடியின் உட்புறத்திலும் விரல் படக்கூடாது. இந்த வயதில் குனிந்து இரண்டு கைகளாலும் இதைச் செய்வது கடினம். கூச்சம் பாராமல் நீங்கள் போத்தலைப் பிடித்து உதவுங்கள். போத்தலைக் கையில் கொடுத்து அனுப்புவோர் பலர் இவற்றை விளக்காமல் விடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மாதிரியை இரண்டு மணி நேரத்திற்குள் ஒப்படையுங்கள். காலி வீதி நெரிசலில் அது இயலாதெனத் தோன்றினால், மூடிய போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் ஏறத்தாழ 4 பாகை செல்சியஸில் 24 மணி நேரம்வரை வைக்கலாம், உறைய விடக்கூடாது. வழியிலும் குளிர் குறையாமல் கொண்டுசெல்லுங்கள்.

மாதிரி எடுக்குமுன் வீட்டிலிருக்கும் பழைய அன்ரிபயோட்டிக் மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம்; ஏற்கெனவே கொடுத்திருந்தால் அதை வைத்தியரிடமும் ஆய்வுகூடத்திலும் சொல்லுங்கள். காய்ச்சல், நடுக்கம், விலாப்புற வலி, திடீர்த் தடுமாற்றம் ஆகியவற்றில் எது தோன்றினாலும், அறிக்கைக்காகக் காத்திராமல் அவரை உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.