புதையல் குழுவில் ஒரு கணக்காளர்

அன்புள்ள சார்,

நான் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் கணக்காளராக இருக்கிறேன். பழைய காசு சேர்க்கும் பைத்தியம் சின்ன வயதிலிருந்தே உண்டு. இங்கே பொதுமக்கள் கண்டெடுக்கும் புதையலுக்கு விலை சொல்லும் ஆலோசனைக் குழுவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அடுத்த முறை ஆள் எடுக்கும்போது நானும் விண்ணப்பிக்கலாமா? தொல்லியல் படித்ததில்லை. சம்பளமும் கிடையாதாம், வீட்டில் சிரிக்கிறார்கள். இன்னொரு நெருடலும் இருக்கிறது. மெட்டல் டிடெக்டரோடு வயலில் அலைகிறவருக்கு லட்சக்கணக்கில் பவுண்டு கொடுப்பது என்ன நியாயம்? மண்ணுக்குள் இருப்பது நாட்டுக்குத்தானே சொந்தம்?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாக விண்ணப்பியுங்கள். ஆனால் அந்த நெருடலுக்கு ஒரு பதில் கிடைக்காமல் போய் உட்காராதீர்கள், ஏனென்றால் அந்தக் குழு இருப்பதே அந்தக் கேள்விக்காகத்தான்.

2010இல் சாமர்செட்டில் ஃப்ரோம் ஊருக்குப் பக்கத்து வயலில் ஒரு மருத்துவமனை சமையல்காரருக்கு டிடெக்டர் சத்தம் கொடுத்தது. கொஞ்சம் தோண்டினார், பானையின் வாய் தெரிந்தது, உள்ளே காசு. அவர் செய்த பெரிய காரியம் என்னவென்றால் அத்தோடு கையை எடுத்துவிட்டு அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னதுதான். பிறகு தொல்லியலாளர்கள் வந்து பானையை அடுக்கடுக்காகக் காலி செய்தார்கள்: 52,503 ரோமானியக் காசுகள், ஏறத்தாழ 160 கிலோ. கடைசியாக அச்சடிக்கப்பட்ட, கராசியஸ் என்ற ரோமானிய ஆட்சியாளர் காலத்துக் காசுகள் மேலே இருந்திருந்தால் யாரோ வருஷக்கணக்காகச் சேமித்த உண்டியல் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவற்றில் பெரும்பகுதி பானையின் பாதிக்கும் கீழே கிடந்தது. அப்படியென்றால் மொத்தமும் ஒரே தடவையில் கொட்டப்பட்டது. அவசரத்துக்குப் புதைத்ததா, சாமிக்குப் படைத்ததா என்று இன்றுவரை பேச முடிகிறதே, அதற்குக் காரணம் அந்த மனிதர் ஆசைப்பட்டு வாளியில் அள்ளாமல் விட்டது. 3,20,250 பவுண்டு என்று விலை போட்டார்கள், அவருக்கும் நிலத்துக்காரருக்கும் போனது. எனக்கு இது அதிகமாகவே தெரியவில்லை.

மறுபக்கமும் உண்டு. 2015இல் லெம்ஸ்டர் அருகே இரண்டு பேருக்கு வைகிங் காலத்துப் புதையல் கிடைத்தது. 300 காசு வரை இருந்திருக்கும் என்கிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் விற்கப் பார்த்தார்கள், 2019இல் ஜெயிலுக்குப் போனார்கள். மீட்கப்பட்டவை 31 காசுகள்தான். மற்றதெல்லாம் எங்கே போயிற்றோ. முறைப்படி சொல்லியிருந்தால் இவர்களுக்கும் நல்ல பணம் வந்திருக்கும் என்பதுதான் வேடிக்கை.

இங்கிலாந்தின் 1996 சட்டப்படி புதையலென்று தெரிந்தால் 14 நாளுக்குள் கரோனரிடம் சொல்ல வேண்டும் (சந்தேக மரணத்தை விசாரிக்கிற அதே ஆள்தான், பழைய வழக்கம்). ஏதாவது அருங்காட்சியகம் வேண்டுமென்றால்தான் விலைப் பேச்சு. நிபுணர் ஒரு மதிப்பு எழுதுவார், கண்டெடுத்தவர் குறைவு என்பார், அருங்காட்சியகம் அதிகம் என்பது வழக்கம். அப்போது குழு பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து, சந்தையில் இது என்ன போகும் என்று ஒரு தொகையை அமைச்சருக்குப் பரிந்துரைக்கும். அனுமதியில்லாமல் தோண்டினவருக்கு வெகுமதியைக் குறைக்கலாமா, அடியோடு மறுக்கலாமா என்பதும் அவர்கள் தலையில்தான். இதற்கெல்லாம் தொல்லியல் மட்டும் போதாது. குறைவாக விலை போட்டால் அடுத்த ஆள் வாயே திறக்க மாட்டார், அதிகம் போட்டால் சின்ன ஊர் அருங்காட்சியகத்தால் வாங்கவே முடியாது. இரண்டு பக்கமும் கணக்குக் கேட்கிற ஒருவர் அங்கே இருந்தால் நல்லதுதானே.

நம் ஊரிலும் புதையல் சட்டம் இருக்கிறது, 1878இல் வெள்ளைக்காரன் போட்டது. அதன்படி பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் கிடைத்தால் கலெக்டரிடம் சொல்ல வேண்டும். அரசு எடுத்துக்கொண்டால் உலோகத்தின் விலையும் அதன் மேல் ஐந்தில் ஒரு பங்கும் தரும். ஒரு சோழர் காலத்துப் பொற்காசை எடை போட்டு வாங்குகிற மாதிரி! சேகரிப்பவரான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, அந்த விலைக்கு யார் கலெக்டர் ஆபீஸ் படி ஏறுவார்?

நாட்டுக்குத்தானே சொந்தம் என்கிறீர்கள். ஸ்காட்லாந்தில் அப்படித்தான், சொந்தக்காரர் இல்லாத பழம்பொருள் எல்லாம் அரசருக்கு. நிலத்துக்காரருக்குச் சட்டப்படி ஒன்றும் கிடையாது. அங்கேயும் கண்டெடுத்தவருக்குச் சந்தை விலையை வெகுமதியாகக் கொடுக்கத்தான் செய்கிறார்கள். அங்குள்ள குழுவுக்குக் கூடுதல் தலைவலி, எந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பது என்பதையும் அதுதான் பரிந்துரைக்க வேண்டும். 2014இல் கிடைத்த காலோவே புதையலை எங்கள் வட்டாரத்திலேயே வையுங்கள் என்று கிர்குப்ரி ஊர்க்காரர்கள் போராடினார்கள். கடைசியில் எடின்பரோவின் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனது, 19.8 லட்சம் பவுண்டுக்கு. நான் ஊர்க்காரர்கள் பக்கம்.

இங்கிலாந்துச் சட்டத்திலும் ஓட்டைகள் இருந்தன. 2010இல் கம்ப்ரியாவில் கிடைத்த ரோமானியக் குதிரைவீரனின் முகமூடித் தலைக்கவசம் செம்புக் கலவை, பொன்னுமில்லை வெள்ளியுமில்லை, அதனால் சட்டப்படி புதையலே இல்லை! குழுவின் முன்னால் வராமலே ஏலத்தில் தனியார் ஒருவரிடம் 22 லட்சம் பவுண்டுக்கு மேல் போய்விட்டது. 2023இல்தான் விதியைத் திருத்தினார்கள். உலோகம் கலந்த, 200 ஆண்டுக்கு மேற்பட்ட, அசாதாரண முக்கியத்துவம் உள்ள பொருளும் இப்போது கணக்கில் வரும்.

சரி, என்ன செய்யலாம்? குழுக் கூட்டங்களின் குறிப்புகளை வெளியிடுகிறார்கள், சிலவற்றை எடுத்துப் படியுங்கள். ஒடிந்த மோதிரத்துக்கும் நசுங்கிய ஊசிக்கும் சில நூறு பவுண்டு முன்னே பின்னே என்று பக்கம் பக்கமாகப் போகும், பெரிய புதையல் எப்போதாவதுதான். அதைப் படித்துக் கொட்டாவி வந்தால் விட்டுவிடலாம். வரவில்லையென்றால் விண்ணப்பியுங்கள், அதிலேயே உங்கள் காசு சேகரிப்பையும் யாரிடம் வாங்குகிறீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். அப்புறம் யாராவது கண்டுபிடித்துக் கேட்கும்படி வைக்காதீர்கள்.